ரெண்டு விரல்

லைசென்ஸ் வாங்கும்போது
எட்டு போடச் சொன்னார்கள், போட்டேன்.
இதைச் சொல்லவில்லை:

கிருஷ்ணகிரி ரவுண்டானாவில்
எதிரே வருகிறவன் விளக்கை ஒருமுறை அடித்தால்
'நீ வா' என்று அர்த்தமில்லை,
'நான் வந்துவிட்டேன்' என்று அர்த்தம்.
இரண்டுமுறை அடித்தால்
முன்னால் போலீஸ் நிற்கிறது.
மூன்றாவது முறைக்கு அர்த்தம் கேட்காதீர்கள்,
அது உங்கள் அம்மாவைப் பற்றியது.

நான் ஓட்டுவது குட்டியானை.
ராயக்கோட்டை மண்டியில் ஏற்றிய தக்காளி
பெட்டிக்குப் பெட்டி முனகிக்கொண்டு பின்னால் வரும்.
சடக்கென்று பிரேக் அழுத்தினால்
அடிப்பெட்டியில் ரசம்.
இது பஸ்காரர்களுக்குத் தெரியும்,
டிராக்டர்காரர்களுக்குத் தெரியும்,
ரோட்டோரம் படுத்திருக்கும் நாய்க்கும்
ஓரளவு தெரியும்.
பெங்களூர் நம்பர் கார்கள்தான்
கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு
சட்டப்படி வரும்,
சட்டப்படி இடிக்கும்.

மாங்காய் சீசனில் டிராக்டர்
எந்தப் பக்கம் திரும்பினாலும் அதுதான் வலது.
பள்ளிக்கூட ஆட்டோவை முந்தக் கூடாது,
வெளியே தொங்கும் பைகளை எண்ணிக்கொண்டே
பின்னால் போக வேண்டும்.
பிணம் போகும் தெருவில் ஹாரனும் இல்லை, அவசரமும் இல்லை,
வெடிச் சத்தம் கடந்த பிறகு
பூ மிதிபடாமல் ஒதுக்கி ஓட்ட வேண்டும்,
முடிந்தவரை.

ஸ்டியரிங்கில் இருப்பது பொம்பளை என்று கண்டால்
ஊரே இரண்டாகப் பிரியும்.
பாதிப்பேர் தேர் வருகிறதுபோல ஒதுங்குவார்கள்.
மீதிப்பேர் வேண்டுமென்றே ஒதுங்க மாட்டார்கள்.
இரண்டுமே வண்டி ஓட்ட உதவாது.

ஏழு பத்து வேப்பனப்பள்ளி பஸ் மட்டும்
இரண்டிலும் சேராது.

முகம் பார்த்ததில்லை.
அந்த நேரத்து வெயில் கண்ணாடியில் உட்கார்ந்திருக்கும்,
அதற்குக் கீழே எலுமிச்சை, மிளகாய்,
ஸ்டியரிங் மேல் ஒரு கை.
அந்தக் கையில் ரெண்டு விரல் எழும்பினால்
நான் போகலாம்.
மறுநாள் என் முறை, உள்ளங்கையைக் காட்டுவேன்,
பஸ் போகும்.
நேற்று யார் விட்டது என்று
யாரும் எழுதி வைக்கவில்லை.
ஆறு வருஷமாகக் கணக்குத் தப்பியதில்லை.

போன மாசம் சர்க்கரை பார்க்க
பெரியாஸ்பத்திரி சீட்டு வரிசையில் நின்றேன்.
இரண்டு வரிசை ஒரே ஜன்னலில் முட்டும் இடம்.
பக்கத்தில் ஒருவர், காக்கி இல்லாமல்,
கட்டம் போட்ட சட்டை, தோளில் துண்டு.
என்னைப் பார்க்காமலே
ஜன்னல் கம்பியிலிருந்து
ரெண்டு விரலைத் தூக்கினார்.

எங்கே பார்த்தாலும் தெரியும் அந்த விரல்.
நான் உள்ளங்கையைக் காட்டினேன்.
அவர் திரும்பினார். பிறகு சிரித்தார்.
"ராயக்கோட்டை தக்காளி?"
"ஏழு பத்து?"
நீங்க போங்க என்றார்.
இல்ல, இன்னிக்கு நீங்க என்றேன்.
நேத்து நீங்கதான் விட்டீங்க என்றார்.
நேத்து ஞாயித்துக்கிழமைங்க என்றேன்.
"பேர் சொல்றீங்களா, ஜன்னலைச் சாத்தட்டுமா?"
உள்ளிருந்து குரல்.
"திம்மராயன்."
"நாகவேணி."
ஒரே நேரத்தில் சொல்லிவிட்டோம்.

அதற்குள் எங்கள் நடுவே
ஹெல்மெட்டைக் கழற்றாத ஒரு பையன்
தோளை நுழைத்து, கையை நுழைத்து,
சீட்டு வாங்கிப் போயே விட்டான்.
திம்மராயன் உதடு லேசாக அசைந்தது.
காதில் விழவில்லை.
மூன்றாவது முறை விளக்கடிப்பதன்
அர்த்தமாகத்தான் இருக்கும்.

மறுநாள் ஏழு பத்து.
கண்ணாடியில் வெயில், எலுமிச்சை, மிளகாய்.
பெயர் தெரிந்துவிட்டது,
சர்க்கரை அளவுகூடத் தெரிந்துவிட்டது.
கை தூக்கக் கூச்சமாக இருந்தது.
அவருக்கும் அப்படித்தான் போலிருக்கிறது:
ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் நகர்ந்து
ஒரே நேரத்தில் அழுத்தினோம்.

அடிப்பெட்டியில் ரசம்.